விசில் ஊதியது யார்?

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரம். மஸீஹா மரவள்ளிக்கிழங்கை அவித்து இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அந்தக் காரின் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆனால் அது இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.

ஜைனுதீன் ஹாஜியார் அவளுடைய கணவன் ஸஹாப்தீனின் அண்ணன். பல்லேபொல பாதையில் தானியம் அரைக்கும் மில் வைத்திருப்பவர். குடும்பத்தில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் எல்லோரும் அவரைத் தேடித்தான் போவார்கள். அவர் யாரையும் தேடி வருவதில்லை.

இன்று வந்திருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஸஹாப்தீன் பின்னால நடந்து வாறான். எனக்கு வேல உன்னோடதான், மஸீஹா."

"சொல்லுங்க மச்சான்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். விரல்களால் அதைத் தடவித் தடவி நிமிர்த்தினார்.

"இங்கிலீசு. எழுத்தெழுத்தா வாசிச்சுச் சொல்லு. ஒண்டையும் விடாத."

இந்தக் குடும்பத்தில் ஆங்கிலம் படித்து, ஆங்கிலம் படிப்பிக்கிறவள் மஸீஹா ஒருத்திதான். கல்யாணமான பதினொரு வருடத்தில் எத்தனையோ கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு தாளைத் தொடத் தயங்கியது இன்றைக்குத்தான்.

கடந்த மூன்று வாரங்களில் நடந்தது அப்படி. மலைப்பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயமொன்றில் இரண்டு பிள்ளைகள் ஒரே நாளில் இறந்து போயிருந்தார்கள். இன்னும் பத்துப் பதினைந்து பேருக்குக் கை கால் உதறி, கண் மங்கிப் போயிருந்தது. எல்லோரும் தின்றது சோளமாவில் சுட்ட ரொட்டி. அரிசிக்கும் பாணுக்கும் ஆட்கள் நாயாய் அலையும் இந்த எழுபத்து மூன்றாம் வருடத்தில், மலிவாக மா கிடைத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். ஜைனுதீனின் மகள் ஸக்கியா. பத்தொன்பது வயது. இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு கைப்பிடிச் சோளத்தை கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்து மஸீஹாவின் முன்னால் அவிழ்த்தாள். மணிகள் மஞ்சளாக இல்லை. ரோஜாப்பூ நிறத்தில் இருந்தன. விதைக்கென்று நஞ்சு மருந்து பூசிய சோளம் அது. கலேவெலப் பக்கத்தில் விற்காமல் தேங்கிக் கிடந்ததை மூட்டை மூட்டையாக மில்லுக்கு ஏற்றி வந்து கழுவி அரைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறு புள்ள. யோசிப்போம்," என்றாள் மஸீஹா.

அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது மேசையில் கிடந்த தாளில் எல்லாம் தட்டச்சில் இருந்தது. ஒரு பெரிய அரசாங்கக் கந்தோருக்கு எழுதிய பெட்டிசம், புகார் மனு. அங்கே வேலை செய்யும் ஒரு பியூன் அதைக் கோப்பிலிருந்து உருவி ஹாஜியாரிடம் கொடுத்திருந்தான்.

மஸீஹா வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். தோட்டத்தில் பிள்ளைகள் இறந்தது காய்ச்சலால் அல்ல. அவர்கள் தின்றது விதைச் சோளம். பல்லேபொல பாதையிலுள்ள மில்லில் அதைக் கழுவினார்கள், கழுவிய தண்ணீர் சிவப்பாக ஓடைக்குள் போனது. மீதி மூட்டைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அவையும் அரைபடும் முன்பு யாராவது வரவேண்டும்.

ஜைனுதீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

தாளின் கடைசி வரிகளுக்கு வந்தபோது மஸீஹாவின் குரல் நின்றது.

"ஏன் நிப்பாட்டிட்டாய்?"

"எழுத்து மங்கலா ஈக்குது மச்சான்."

எழுத்து மங்கலாக இல்லை. 'யாராவது விசில் ஊதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் ஊதவில்லை. ஆகவே நானே' என்று எழுதி, தாள் அங்கே முடிந்திருந்தது. மிச்சம் அடுத்த தாளில்.

விசில் ஊதுவது. அந்த வார்த்தையை இந்த ஊரில் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பத்து நாளைக்கு முந்திய பாடம் அது. பரீட்சையில் ஆங்கிலம் தவறிப்போனதால் ஸக்கியா வாரத்தில் இரண்டு நாள் சித்தியிடம் வந்து படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பழைய ஆங்கிலப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "சாச்சி, இந்த ஆள் தான் வேல செய்த கம்பனி மேல விசில் ஊதினான் எண்டு போட்டிருக்கே, அது என்ன?" என்று கேட்டாள்.

"அது ஒரு சொல்வழக்கு. உள்ளுக்குள்ள நடக்கிற தப்ப வெளியில தெரியப்படுத்துறது."

"அதுக்கு ஏன் விசில்?"

மஸீஹாவுக்குப் பாடம் சொல்லுவதென்றால் பசி தெரியாது. முன்பெல்லாம் இங்கிலாந்தில் ரோந்து போகிற பொலிஸ்காரன் கையில் ஒரு விசில் வைத்திருப்பான், கள்ளனைக் கண்டால் ஊதுவான், கேட்டவர்களெல்லாம் ஓடி வருவார்கள் என்றாள். பந்து விளையாட்டிலும் அப்படித்தான். ஒருவன் முறை தவறி ஆடினால் நடுவர் ஊதுவார். ஆட்டம் அப்படியே நின்றுவிடும்.

"இதில எதுல இருந்து வந்தது சாச்சி?"

"திட்டமாச் சொல்ல ஏலாது. சிலர் பொலிஸ் எண்டு சொல்றாங்க, சிலர் விளையாட்டு எண்டு சொல்றாங்க. ரெண்டும் கலந்து வந்திருக்கும்."

ஸக்கியா பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தாள். "தமிழ்ல எப்படிச் சொல்றது?"

அங்கேதான் மஸீஹா தடுமாறினாள். காட்டிக்கொடுப்பது என்றால் துரோகம். போட்டுக்கொடுப்பது என்றால் அற்பத்தனம். கோள் சொல்வதும் அதே வகை. வாயைத் திறந்தவனையே குற்றவாளியாக்கும் சொற்கள்தான் வரிசையாக வந்தன. அம்பலப்படுத்துவது என்று கடைசியில் சொன்னாள். அதிலும் ஏதோ குறைந்தது.

"பொலிஸ்காரனுக்கு அரசாங்கம் விசில் குடுத்தது," என்றாள் ஸக்கியா. "நடுவருக்கும் யாரோ குடுத்தாங்க. இந்தப் பேப்பர்ல உள்ள மனுசனுக்கு யாரு குடுத்தது?"

மஸீஹா புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பயிற்சியைச் செய் என்று சொல்லிவிட்டாள்.

"மஸீஹா." ஜைனுதீன் கண்ணைத் திறந்திருந்தார். "அந்தக் கடைசி எடம். விசில் எண்டு வருதாம். பியூனுக்கு அவ்வளவுதான் வெளங்கியிருக்கு. சரியா?"

"ஓம் மச்சான்."

"விசில் எண்டா விசில்தானே?"

சொல்லியிருக்கலாம். இல்லை மச்சான், இது ஊதுகிற விசில் இல்லை, நன்றாக ஆங்கிலம் படித்தவர்கள் எழுதும் ஒரு பேச்சு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். அப்படி ஆங்கிலம் படித்தது யார், அவர்களுக்குப் படிப்பித்தது யார்?

"விசில் எண்டா விசில்தான்," என்றாள்.

அவர் மெல்லத் தலையசைத்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"நம்மட மில்லில விசில் வெச்சிருக்கிறது ஒரே ஒரு ஆள்தான்."

அவர் படியிறங்கிப் போகையில்தான் ஸஹாப்தீன் கேட்டைத் திறந்து வந்தான். அண்ணனும் தம்பியும் காரருகே நின்று தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். ஸஹாப்தீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு உள்ளே வந்து கை கழுவாமல் கிழங்கின் முன்னால் உட்கார்ந்தான்.

"காவக்காரன் இருளாண்டிய என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டாள் மஸீஹா.

"யாரு என்ன செய்யப் போறாங்க? நீ சாப்பிடு."

"இஞ்சருங்க, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவன் கிழங்கைப் பிட்டான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"பொலிஸ் எப்படியும் வரும். வந்தா ஒரு ஆளக் குடுக்கோணும். விதைச் சோளத்தக் களவெடுத்துக் கழுவி, தோட்டத்துக்கு வித்தது காவக்காரன் எண்டு ஜைனுதீன் நானா சொல்லப் போறார். லயத்தில அவன்ட சொந்தக்காரங்கதானே இருக்கிறாங்க. நம்புவாங்க."

"ரெண்டு புள்ளைகள் மௌத்தாகி ஈக்குது. அந்தப் பழிய அவன் தலையிலயா?"

"அவனுக்குப் பிரஜாவுரிமையும் இல்ல, ஒண்டும் இல்ல. எப்படியும் ஒரு நாள் மத்தத் தோட்டத்து ஆக்களப் போல இந்தியாவுக்கு அனுப்பத்தான் போறாங்க."

சொல்லி முடித்ததும் தன் வாயிலிருந்தா இது வந்தது என்பது போல அவன் முகம் மாறியது. ஸஹாப்தீன் கெட்டவன் இல்லை. கலேவெலயிலிருந்து அந்த மூட்டைகளை ஏற்றி வந்தது அவனுடைய லொறி. கழுவினால் மருந்து போய்விடும் என்று அண்ணன் சொன்னதை நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்குத் தைரியம் இருக்கவில்லை.

"நீ இதில ஒரு வார்த்த பேசப்படாது," என்றான். "பேசினா முதல்ல உள்ளுக்குப் போறது நான்தான்."

மூன்று மணி பஸ்ஸில் மஸீஹா பல்லேபொலவுக்கு ஏறினாள். இன்றைக்குப் பாடம் ஸக்கியாவின் வீட்டில் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். பஸ் முழுக்கச் சனம். அரசாங்கத் தடையை மீறி யாருடைய பையிலாவது அரிசி இருக்கிறதா என்று வழியில் ஒரு தடுப்பில் நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு கிழவியின் சீலை முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். நஞ்சுச் சோளம் இதே பாதையால்தான் லொறியில் போயிருக்கிறது. அதை யாரும் நிறுத்தவில்லை.

மில்லும் வீடும் ஒரே வளவுக்குள். மில் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை பின்நேரம் எப்போதும் ஓடும்.

ஸக்கியா குசினியில் இருந்தாள். மஸீஹாவைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"நீதானா?"

"ஓம் சாச்சி."

"எங்க தட்டச்சு செஞ்சாய்?"

"டைப்பிங் கிளாஸ்ல. சுசீலாதேவி மிஸ் சாப்பிடப் போன நேரம்."

ஒரு துளி பயமும் அந்தக் குரலில் இல்லை. அதுதான் மஸீஹாவைப் பயமுறுத்தியது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே புள்ள."

"கேட்டேனே. பொறு எண்டு சொன்னீங்க. பொறுத்தேன். போன கிழம வாப்பா மிச்ச மூட்டைகளையும் கழுவச் சொன்னார். அதுக்குப் பொறகு எப்படிப் பொறுக்கிறது?"

மஸீஹா அடுப்பங்கரையில் சாய்ந்துகொண்டாள்.

"ரெண்டாவது தாள்ல என்ன எழுதியிருக்காய்?"

"மூட்டைகள் எந்த அறையில இருக்கு எண்டு. அதுக்குக் கீழ என் பேர்."

"பேர் போட்டியா?"

"பேரில்லாத பெட்டிசத்த யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. முழுப் பேரும் போட்டு, கையெழுத்தும் வெச்சேன்."

"அந்தத் தாள் இப்ப எங்க ஈக்குது தெரியுமா? முதல் தாள் உன் வாப்பாட பையில."

ஸக்கியாவின் முகம் வெளிறியது. அதே நேரம் முற்றத்தில் யாரோ கெஞ்சுகிற சத்தம் கேட்டது. மஸீஹா கதவைத் திறந்தாள். "நீ இங்கயே இரு. நான் கூப்பிடாம வெளியில வராத," என்று சொல்லிவிட்டு முற்றத்தைக் கடந்தாள்.

மில் சுவரோரம் இருளாண்டி நின்றார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தோட்டத்தில் வேலை போனபின் பதினாலு வருடமாக இந்த மில்லைக் காப்பவர். கழுத்தில் எப்போதும் தொங்கும் விசில் இன்று இல்லை. அது ஜைனுதீனின் கையில் இருந்தது. அவர் அதை ஒரு விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஸஹாப்தீனும் வந்திருந்தான். லொறிக்குப் பக்கத்தில், யாரையும் பார்க்காமல் நின்றான்.

"டீச்சரம்மா, நீங்களாவது சொல்லுங்க," என்றார் இருளாண்டி. "மொதலாளி விசில எடுத்துக்கிட்டாரு. எதுக்குன்னு ஒண்ணும் சொல்லல. யாருக்கு எழுதுனேன்னு கேக்குறாரு. நான் எங்கங்க எழுதப் போறேன்? எனக்குக் கைநாட்டுதாங்க தெரியும்."

"எழுதத் தெரியாட்டி எழுதிவிக்க ஆள் கெடைக்கும்," என்றார் ஜைனுதீன். "பொலிஸுக்கு ஆள் அனுப்பியாச்சு. தோட்டத்துப் புள்ளைகள் மௌத்தானதப் பத்தி அங்க போய்ச் சொல்லு."

"ஐயோ, அந்தப் புள்ளைங்கள்ல ஒண்ணு என் தங்கச்சி பேத்திங்க."

அதைக் கேட்ட பிறகு மஸீஹாவால் சும்மா நிற்க முடியவில்லை. அந்த மனிதனுக்கு மா எங்கிருந்து போனதென்றே தெரியாது. தன் வீட்டுப் பிள்ளையைக் கொன்ற மூட்டைகளுக்கு இரவும் பகலும் காவல் நின்றிருக்கிறார்.

"மச்சான், நான் பகல் சொன்னது பிழை."

விசில் சுழல்வது நின்றது.

"என்ன பிழை?"

"விசில் எண்டா விசில் இல்ல. அது இங்கிலீசுல ஒரு பேச்சு. பொலிஸ்காரன் கள்ளனக் கண்டா ஊதுவான், எல்லாரும் ஓடி வருவாங்க. விளையாட்டுல ஒருத்தன் தப்பு செஞ்சா நடுவர் ஊதுவார், ஆட்டம் நிக்கும். அதுல இருந்து வந்தது. நடக்கிற அநியாயத்த வெளியில சொல்றவனுக்கு இங்கிலீசுல அப்படிச் சொல்றது. இத எழுதினவங்க கையில விசில் இருக்கத் தேவல்ல."

வகுப்பறையில் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல ஜைனுதீனின் முகம் சுவராகிக்கொண்டு வந்தது.

"அப்ப பகல் ஏன் சொல்லல்ல?"

"பயத்துல."

"யாருக்காகப் பயம்?"

லொறிப் பக்கத்தில் ஸஹாப்தீன் தலையை நிமிர்த்தினான். வேண்டாம் என்று அவன் கண்கள் கெஞ்சின.

"எனக்காகத்தான்," என்றாள் மஸீஹா. "எழுதினது நான்."

இருளாண்டி ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஜைனுதீன் கோபப்படுவார் என்று மஸீஹா எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. மறு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

"பியூன் இப்பத்தான் கொண்டாந்து தந்தான். ரெண்டாவது தாள். அடியில பேரும் ஈக்குதாம், கையெழுத்தும் ஈக்குதாம். அவன் அத வாசிக்க முந்திப் பறிச்சிட்டு அனுப்பிட்டேன். வீட்டு விசயம் பாரு." தாளை நீட்டினார். மஸீஹா கையை நீட்டினாள். அவர் அவளுக்குக் கொடுக்கவில்லை. "ஒருக்காப் பிழையா வாசிச்சவட கையில மறுபடி எப்படிக் குடுக்கிறது? ஸஹாப்தீன், நீ வா. பேர் வாசிக்கிற அளவுக்கு உனக்கு இங்கிலீசு தெரியும்தானே."

ஸஹாப்தீன் நடந்து வந்தான். பத்தடி தூரம்தான். அவன் வந்து சேர நெடுநேரம் எடுத்தது போலிருந்தது.

தாளை வாங்கினான். வெளிச்சத்துக்குத் திருப்பினான். அவன் கண்கள் தாளின் அடிப்பக்கத்துக்குப் போய் அங்கேயே நின்றன. ஒரு முறை வாசித்தான். மறுமுறையும் வாசித்தான். அவன் தோளில் ஏறி விளையாடிய பிள்ளையின் பெயர் அது. குசினி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நிழல் அசைவதை மஸீஹா கண்டாள். அவனும் கண்டிருப்பான்.

"யாருட பேரு?" என்றார் ஜைனுதீன்.

ஸஹாப்தீன் தாளை மடித்தான். மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தான். இந்த மூன்று வாரத்தில் முதல் முறையாக அப்படிப் பார்த்தான்.

"மஸீஹா எண்டுதான் ஈக்குது, நானா."

அண்ணன் மகளைக் காப்பாற்றத்தான் சொன்னானா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னானா என்று மஸீஹாவுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பதும் தெரியவில்லை. தாளை அவன் திருப்பிக் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டதை மட்டும் கவனித்தாள்.

ஜைனுதீனும் அதைக் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை. விசிலை இருளாண்டியின் கழுத்தில் தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

"நீ போய் உன் வேலையப் பாரு. உன் மேல ஒரு பிழையும் இல்ல." பிறகு திரும்பாமலேயே சொன்னார். "கேட்டுக்குச் சங்கிலியப் போட்டுப் பூட்டு. பொலிஸ் வந்தாலும் என்னக் கேக்காமத் தொறக்காத. டீச்சர் இண்டைக்கு இங்கதான் நிக்கப் போறா."

இருளாண்டி கேட்டருகே போனார். இரும்புச் சங்கிலியை எடுத்து ஒரு பக்கத்துக் கம்பியில் சுற்றினார். அடுத்த பக்கத்தை எட்டிப் பிடித்தார். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போடாமல், திரும்பி மஸீஹாவைப் பார்த்தார்.

"டீச்சரம்மா," என்றார் மெதுவாக, "அந்த மா இங்கேருந்துதான் போச்சா?"